முடிவெடுக்கும் இடம்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலைத்தளம் கட்டப் பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கோப்பைத்தான் நினைவுகூர்வார்கள். அது ஒரு பிஎச்பி கோப்பு. முதல் சில வரிகளில் டேட்டாபேஸின் பெயரும் கடவுச்சொல்லும் பச்சையாக எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே ஓர் எஸ்கியூஎல் வினவல். அதற்கும் கீழே ஹெச்டிஎம்எல் டேபிள் ஒன்று திறக்கும். ஒவ்வொரு வரிசையையும் ஒரு லூப் எழுதும், லூப்புக்குள் ஓர் இஃப் இருக்கும், அந்த இஃபுக்குள் இன்னொரு எஸ்கியூஎல் வினவல் ஒளிந்திருக்கும். எழுத்தின் நிறமும் தள்ளுபடிக் கணக்கும் அடுத்தடுத்த வரிகளில் குடியிருக்கும். அந்தக் கோப்பு வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட அந்தக் கருவி, எஃப்டிபி வழியாக ஒரு கோப்பை ஏற்றத் தெரிந்த எவரையும் வலைத்தளம் கட்ட வைத்தது. எத்தனையோ பேருக்கு நிரல் எழுதும் தொழிலின் வாசலே அதுதான். ஆனால் அந்தக் கோப்பிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்க முடியாது. இந்தத் தகவலை இவர் பார்க்கலாம் என்று எந்த வரியில் தீர்மானிக்கப்பட்டது? பதில் கோப்பு முழுக்கச் சிதறிக் கிடக்கும். சில சமயம் பதிலே இருக்காது.

அந்தக் காலத்தையும் அதற்குப் பின் வந்ததையும் சேர்த்து யோசிக்கும்போதெல்லாம் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறேன். ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் வேலையை வியூ என்றும் டெம்ப்ளேட் என்றும் பிரித்ததால் கோப்புகள் ஒழுங்காகின என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உண்மை, ஆனால் சின்ன உண்மை. பிரித்ததன் பெரிய பயன், முடிவுகளுக்கு ஒரு நிலையான முகவரி கிடைத்ததுதான். யாருக்கு, எதை, எப்போது காட்டலாம் என்ற முடிவுகள் ஓரிடத்தில் பெயரோடு நிற்கின்றன. அந்த இடத்தைப் படித்துப் பார்க்கலாம், சோதிக்கலாம், தவறென்றால் திருத்தலாம். இப்படி நிற்க வைத்தது நிரலாளர்களின் நல்லெண்ணம் மட்டுமல்ல. டெம்ப்ளேட் மொழியை வேண்டுமென்றே சக்தி குறைவாக வடிவமைத்தார்கள். அந்தக் குறைதான் முடிவுகளை அவற்றுக்குரிய இடத்துக்குத் துரத்துகிறது. குறையென்று பலர் அலுத்துக்கொள்ளும் அதே இயல்பை இங்கே நான் ஆதரித்து வாதாடப்போகிறேன்.

முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். வாசகர் ஒருவர் ஒரு செய்தியின் முகவரியைச் சொடுக்குகிறார். பிரவுசர் அனுப்பும் ரிக்வெஸ்ட் சர்வரை அடைகிறது. ஜாங்கோ தன் யூஆர்எல் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்த முகவரிக்குப் பொருந்தும் முதல் வரியைக் கண்டதும் அதற்குரிய வியூவை அழைக்கிறது. வியூ என்பது சாதாரணமான ஒரு பைத்தான் ஃபங்ஷன்தான். அது ரிக்வெஸ்ட்டை வாங்கிக்கொண்டு ரெஸ்பான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கு மேல் அதற்கு நிபந்தனை இல்லை. செய்தி இருக்கிறதா, வெளியிடப்பட்டுவிட்டதா, கேட்பவர் சந்தாதாரரா என்றெல்லாம் பார்ப்பது அந்த ஃபங்ஷனின் வேலை. தேவையானதை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, ஒரு டிக்ஷ்னரியில் போட்டு, டெம்ப்ளேட்டிடம் ஒப்படைக்கிறது. அந்த டிக்ஷ்னரியைத்தான் கான்டெக்ஸ்ட் என்கிறோம். டெம்ப்ளேட் என்பது நடுநடுவே துளைகள் விட்ட ஹெச்டிஎம்எல் பக்கம். இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஒரு பெயர் இருந்தால், கான்டெக்ஸ்ட்டில் அந்தப் பெயருக்குரிய மதிப்பு அந்த இடத்தில் வந்து உட்காரும். சதவீதக் குறி சேர்ந்த அடைப்புக்குள் லூப், இஃப் போன்ற டேக்குகள் வரும். மதிப்புக்குப் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, தேதியை எப்படிக் காட்டுவது, நீளமான உரையை எங்கே வெட்டுவது என்று சொல்லும் ஃபில்டர்களைச் சேர்க்கலாம். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் ஓர் அடிப்படை டெம்ப்ளேட்டில் எழுதிவிட்டு, மாறும் பகுதிகளை மட்டும் பிளாக்குகளாக விட்டுவைக்கலாம். ஏறத்தாழ முழு அமைப்பும் இவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கு வெளியாகும் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு’ நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இன் பிற்பகுதியில் பிஎச்பியை விட்டுப் பைத்தானுக்கு மாறினார்கள். அவர்கள் பிரிவு ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை நடத்தியது. நாளிதழுக்கு ஒன்று, ஊரின் பொழுதுபோக்குக்கு ஒன்று, கான்சஸ் பல்கலைக்கழக விளையாட்டுக்கு ஒன்று. செய்தி அறையின் கெடுபிடியில், புதிய பகுதி ஒன்றைச் சில நாட்களில், ஏன், சில மணி நேரத்திலும்கூடக் கட்டித் தர வேண்டியிருக்கும். ஒரே வகைத் தரவு வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு முகத்தோடு தோன்ற வேண்டும். தோற்றத்தைக் கவனித்தவர் வில்சன் மைனர் என்ற வடிவமைப்பாளர். ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத்தை வடிவமைத்தவரும் அவர்தான். நிரல் எழுதுபவரும் பக்கம் வடிவமைப்பவரும் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் வேலையில் மற்றவர் கை படாமல் முடிக்க வேண்டிய சூழல் அது. அந்தத் தேவையிலிருந்து உருவான நிரல் 2005 ஜூலையில் திறந்த மூலமாக வெளிவந்தது, ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரைத் தாங்கி. எனவே வியூவும் டெம்ப்ளேட்டும் ஏட்டுப் படிப்பிலிருந்து இறங்கிய கோட்பாடு என்று சொல்வது சரியாகாது. கோட்பாட்டு வேர் இருக்கத்தான் செய்கிறது. நார்வேயைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1979-இல் எழுதிவைத்த மாடல்-வியூ-கன்ட்ரோலர் குறிப்புகள்தான் அந்த வேர். ஜாங்கோ அதிலிருந்து எண்ணத்தை எடுத்துக்கொண்டு, பெயர்களைத் தன் வசதிக்கு மாற்றிவைத்தது. அங்கே வியூ தோற்றத்தைக் குறித்தது. இங்கே எதைக் காட்டுவது என்பது வியூவின் பொறுப்பு, எப்படிக் காட்டுவது என்பது டெம்ப்ளேட்டின் பொறுப்பு.

இனி அந்தச் சக்திக் குறைவுக்கு வருகிறேன். ஜாங்கோ டெம்ப்ளேட்டில் ஒரு பொருளின் உள்ளே செல்ல ஒரே வழி, புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எஞ்சின் முதலில் டிக்ஷ்னரிச் சாவியாகத் தேடும், பிறகு ஆட்ரிப்யூட்டாக, பிறகு பட்டியலின் வரிசை எண்ணாக. கிடைத்தது ஒரு மெத்தட் என்றால், அதை ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லாமல் அழைத்துப் பார்க்கும். ஆர்க்யுமென்ட் கொடுக்க வழி கிடையாது. புதிதாக ஒரு ஃபங்ஷனை அங்கேயே எழுதவும் முடியாது, ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யவும் முடியாது. அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களைத் தொடவே விடாது. இவற்றையெல்லாம் விட நுட்பமான ஒரு காவல் உண்டு. ஆர்க்யுமென்ட் இல்லாத மெத்தட்டை டெம்ப்ளேட் தானே அழைக்கும் என்றால், யாராவது ஒரு செய்தியின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ‘டெலீட்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதிவு அழிந்துபோகாதா? அழியாது. மாடல்களின் டெலீட், சேவ் மெத்தட்டுகளின் மேல் ‘ஆல்டர்ஸ் டேட்டா’ என்ற முத்திரையை ஜாங்கோ தானாகவே குத்திவைத்திருக்கிறது. முத்திரை உள்ள எதையும் டெம்ப்ளேட் எஞ்சின் அழைக்காது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். பக்கம் வடிவமைப்பவர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் ஒரு பதிவையும் அழிக்க முடியக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைத்தான் நான் மதிக்கிறேன். எதை மாற்றலாம் என்ற முடிவுக்கு டெம்ப்ளேட்டில் இடமில்லை என்பதை விதிப்புத்தகத்தில் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எஞ்சினுக்குள்ளேயே பூட்டிவிட்டார்கள்.

இந்தப் பூட்டு ஏன் தேவை என்பதற்கு அன்றாடம் கண்ணில் படும் சான்று அனுமதிச் சோதனை. கருத்துகளை நீக்கும் பொத்தான் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கற்பவர் டெம்ப்ளேட்டைத் திறந்து, பயனர் நிர்வாகியாக இருந்தால் மட்டும் பொத்தானைக் காட்டு என்று ஓர் இஃப் எழுதுகிறார். பிரவுசரில் பார்க்கிறார். மற்றவர்களுக்குப் பொத்தான் தெரியவில்லை, வேலை முடிந்தது என்று நினைக்கிறார். ஆனால் பொத்தான் மறைந்ததே தவிர, அது சென்று சேரும் முகவரி அப்படியே இருக்கிறது. அந்த முகவரிக்கு எவரும் நேராக ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பலாம். நீக்கும் வியூ அனுமதியைச் சோதிக்காவிட்டால் கருத்து நீங்கிவிடும். மறைப்பது தோற்றம் பற்றிய விஷயம், தடுப்பது அதிகாரம் பற்றிய விஷயம். முதலாவது டெம்ப்ளேட்டில் இருக்கலாம், இரண்டாவது வியூவில் இருந்தே ஆக வேண்டும். ஜாங்கோவில் வியூ ஃபங்ஷனின் தலைக்கு மேல் அனுமதியைச் சரிபார்க்கும் டெக்கரேட்டர் ஒன்றை ஒரே வரியில் வைத்துவிடலாம். அந்த வரியைப் படிப்பவர் எவருக்கும் இந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது உடனே தெரியும். வலைச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பிடித்தது அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு. முடிவெடுக்கும் இடம் எது என்ற கேள்வி வெறும் அழகியல் விவாதம் என்று நினைப்பவர்களுக்கு அந்த முதலிடமே பதில்.

இடம் அறிந்து வைப்பது வியூவுக்கு மட்டும் உரிய பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. டெம்ப்ளேட்டுக்கே உரிய கடமைகள் உண்டு, அவற்றை வியூவிடம் கொடுத்தாலும் கேடுதான். பயனர் தட்டச்சு செய்த உரையைப் பக்கத்தில் வைக்கும்போது, அதில் உள்ள சிறியது, பெரியது குறிகளையும் ஒற்றை, இரட்டை மேற்கோள் குறிகளையும் ஆம்பர்சண்ட் குறியையும் தீங்கற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், யாரோ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் இன்னொருவரின் பிரவுசரில் ஓடும். அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளம் பார்த்தது. ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில், தளத்தின் வடிகட்டிகளுக்குத் தப்பும்படி நுழைத்த சிறிய நிரல், ஒரு நாள்கூட முடியாமல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுயவிவரங்களைத் தொற்றிக்கொண்டது. ஜாங்கோவின் ஆரம்பப் பதிப்புகளில் இந்த மாற்றத்தை டெம்ப்ளேட் எழுதுபவர் ஒவ்வொரு இடத்திலும் ஃபில்டர் போட்டுத் தானே செய்ய வேண்டியிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மறந்தாலும் ஓட்டை விழும். 2008 செப்டம்பரில் வந்த 1.0 பதிப்பில் அது தலைகீழாயிற்று. எல்லா மதிப்புகளும் தாமாகவே மாற்றப்படும், மாற்றம் வேண்டாம் என்றால்தான் ‘சேஃப்’ என்று எழுத வேண்டும். இப்படி ஒரு பொதுவிதியை ஒரே அடியில் மாற்ற முடிந்தது எதனால்? மதிப்புகள் பக்கத்துக்குள் நுழையும் வாசல் ஒன்றே ஒன்று, அது டெம்ப்ளேட். வியூக்கள் ஆங்காங்கே ஹெச்டிஎம்எல் துண்டுகளை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தக் காவல் அவற்றுக்கு எட்டியிருக்காது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் பார் 2004-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் டெம்ப்ளேட்டுக்கான கண்டிப்பான விதிகளைத் தொகுத்தார். டெம்ப்ளேட் தரவை மாற்றக் கூடாது, தரவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பவற்றோடு, டெம்ப்ளேட்டுக்கு வரும் தரவில் தோற்றம் பற்றிய எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. எல்லைக்கோடு இரு பக்கத்தாருக்கும் பொது.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இந்த எல்லைக்கோடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘தமிழ்’ என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது, ஏனென்றால் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். முகப்பில் தலைப்புகளை இத்தனை எழுத்துக்கு மேல் போகாமல் வெட்ட வேண்டும் என்று ஒருவர் வியூவிலேயே சரத்தை அறுத்தால், ‘கொடி’ என்ற சொல் ‘க’வோடு நின்றுபோகலாம், ‘பூ’ என்பது ‘ப’ ஆகலாம். ஜாங்கோவோடு வரும் எழுத்தெண்ணி வெட்டும் ஃபில்டரும் தமிழின் உயிர்க்குறிகளைத் தனி எழுத்தாகவே எண்ணுகிறது. சொல்லெண்ணி வெட்டும் ஃபில்டரைப் பயன்படுத்தினால் இந்தச் சேதம் வராது. எழுத்தாகவே எண்ண வேண்டும் என்றால், உயிர்மெய்யை உடைக்காத ஃபில்டர் ஒன்றை நாமே பைத்தானில் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். எழுதிவிட்டால் தளத்தின் எல்லா டெம்ப்ளேட்டுகளிலும் அதைப் பயன்படுத்தலாம், அதற்கென்று தனியாகச் சோதனையும் எழுதலாம். எங்கே வெட்டுவது என்பது காட்டும் முறை பற்றியது. ஆகவே வியூவுக்கு அதில் வேலை இல்லை. டெம்ப்ளேட்டுக்கு அதைச் செய்யும் திறமை இல்லை. எனவே அது ஃபில்டராகத் தனிப் பெயர் பெறுகிறது. சக்தி குறைவான மொழி நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு மிக வலுவானது: இந்த எல்லைச் சுவரில் பெரிய ஓட்டை இருக்கிறது. வியூ ஐம்பது செய்திகளைக் கேட்கும் வினவலை எழுதி அனுப்புகிறது. டெம்ப்ளேட்டில் ஒரு லூப். அதற்குள் செய்தியின் தலைப்பு, புள்ளி வைத்துச் செய்தியாளர், இன்னொரு புள்ளி வைத்து அவர் பெயர். பார்த்தால் இதைவிட அப்பாவியான வரி இருக்க முடியாது. ஆனால் ஜாங்கோவில் டேட்டாபேஸ் வினவல்கள் சோம்பலானவை, கேட்கும்போதுதான் ஓடும். செய்திகளை எடுக்க ஒரு வினவல் ஓடிய பின், ஒவ்வொரு செய்தியாளரின் பெயரையும் தொடும்போது ஒவ்வொரு வினவலாக இன்னும் ஐம்பது ஓடும். ஆக ஒரு பக்கத்துக்கு ஐம்பத்தொரு வினவல்கள். டேட்டாபேஸைத் தொடக் கூடாத டெம்ப்ளேட், தனக்கே தெரியாமல் அதை ஐம்பது முறை தொட்டுவிட்டது. பிரிவினை பொய்யல்லவா என்று கேட்கிறார்கள். ஓட்டை இருப்பது உண்மை, அதை மூடிமறைக்கக் கூடாது. ஆனால் திருத்தம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவையில்லை. வியூவில் அந்த வினவலோடு ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று சேர்த்தால், செய்தியும் செய்தியாளரும் ஒரே இணைப்பு வினவலில் வந்துவிடும். இந்த வியூ சரியாக இத்தனை வினவல்களைத்தான் ஓட்ட வேண்டும் என்று சோதனையிலேயே எண்ணிக்கையைக் கட்டிப்போடும் வசதியும் ஜாங்கோவில் உண்டு. எந்தத் தரவு தேவை என்ற முடிவை வியூ முழுமையாக எடுக்காமல் பாதியில் விட்டதால் வந்த நோய் இது. அதற்கு மருந்து, பிரிவினையை இன்னும் கறாராகக் கடைப்பிடிப்பதுதான்.

இரண்டாவது மறுப்பு, மொழி அளவுக்கு மீறி ஏழையாக இருக்கிறது என்பது. இதிலும் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் ஜாங்கோவின் இஃபில் ஓர் எண் இன்னொன்றைவிடப் பெரியதா என்றுகூடக் கேட்க முடியாது. இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கத் தனியாக ஒரு டேக் இருந்தது. 2010-இல் வந்த 1.2 பதிப்புதான் ஒப்பீட்டுக் குறிகளை அனுமதித்தது. ஆர்மின் ரோனாகர் ஜாங்கோவின் டெம்ப்ளேட் நடையைப் பின்பற்றி உருவாக்கிய ஜின்ஜா, ஃபங்ஷன்களுக்கு ஆர்க்யுமென்ட் கொடுக்கவும் மேக்ரோக்கள் எழுதவும் விட்டது. ஃபிளாஸ்க் என்ற ஃப்ரேம்வொர்க் அதைத்தான் தன் டெம்ப்ளேட் எஞ்சினாக எடுத்துக்கொண்டது. 2015-இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து ஜாங்கோவே ஜின்ஜாவுக்கும் இடம் கொடுக்கிறது. ரூபி ஆன் ரெய்ல்ஸின் இஆர்பி கோப்புகளில் எந்த ரூபி நிரலையும் எழுதலாம், அந்த ஃப்ரேம்வொர்க்கில் மிகப் பெரிய தளங்கள் ஓடுகின்றன. எனவே ஏழை மொழி இல்லாமல் நல்ல தளம் கட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடுள்ள குழு எந்தக் கருவியோடும் நன்றாகவே எழுதும். என் வாதம் கட்டுப்பாடு தளரும் நாட்களைப் பற்றியது. இன்று மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கைக்கு எட்டும் இடத்தில் சக்தி இருந்தால், முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும். தள்ளுபடிக் கணக்கு டெம்ப்ளேட்டில் நுழையும். அடுத்த மாதம் அதே கணக்கு மின்னஞ்சல் டெம்ப்ளேட்டிலும் நுழையும், இரண்டும் ஒருநாள் வேறுவேறு விலை சொல்லும். சக்திக்கு இன்னொரு விலையும் உண்டு. பயனர் தரும் உரை கவனக்குறைவால் டெம்ப்ளேட்டாகவே இயக்கப்பட்டால், சக்தி மிகுந்த எஞ்சின்களில் அது சர்வரையே கைப்பற்றும் வழியாகிவிடும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில் 2015-இல் பல டெம்ப்ளேட் எஞ்சின்களை வைத்து விளக்கிக் காட்டினார். குறைந்த சக்தி, குறைந்த சேதம்.

மூன்றாவது மறுப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஜாங்கோ டெம்ப்ளேட்டில் ஒரு பெயரைத் தப்பாக எழுதினால் அது கத்தாது, அந்த இடத்தில் வெற்றுச் சரத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். வாசகரின் முன் பக்கம் உடைந்து விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். செய்தித் தளத்துக்கு அது பொருத்தமான தேர்வு. விலைப்பட்டியலில் தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகப் போனால் அது பொருத்தமே இல்லாத தேர்வு. கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. ஜாங்கோவின் சோதனைக் கருவி, ஒரு பக்கத்தைக் கேட்டதும் வியூ எந்த டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தியது, எந்தக் கான்டெக்ஸ்ட்டைக் கொடுத்தது என்பதைப் பொருளாகவே நம் கையில் தரும். ஹெச்டிஎம்எல்லைத் துருவிப் பார்க்காமலே, சரியான பெயரில் சரியான மதிப்பு போயிருக்கிறதா என்று கேட்டுவிடலாம். ஆனாலும் எழுத்துப் பிழை டெம்ப்ளேட் பக்கத்தில் இருந்தால் இந்தச் சோதனைக்கும் அது சிக்காது. வெளிவந்த பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். எனவே மௌனமாக விழுங்குவது குறை என்றே பதிவு செய்கிறேன். அது மொழியின் சக்திக் குறைவிலிருந்து வந்த குறை இல்லை, பிழையை எப்படிக் கையாள்வது என்ற தனியான முடிவிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒன்றின் குற்றத்தை மற்றதன் மேல் சுமத்துவது நியாயமாகாது.

நான்காவது மறுப்பு நம் காலத்துடையது. 2013-இல் ஃபேஸ்புக் ரியாக்ட்டை வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஹெச்டிஎம்எல் போன்ற குறிகளையும் ஒரே கோப்பில் கலந்து எழுதும் ஜேஎஸ்எக்ஸைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். ரியாக்ட் தரப்பின் பதில் யோசிக்க வைத்தது. டெம்ப்ளேட்டைத் தனிக் கோப்பில் வைப்பது தொழில்நுட்பங்களைப் பிரிப்பது மட்டுமே, பொறுப்புகளைப் பிரிப்பது ஆகாது என்றார்கள். ஒரு பொத்தானின் தோற்றமும் அதன் நடத்தையும் ஒன்றையொன்று சார்ந்தவை, அவை ஒரே இடத்தில் இருப்பதே இயல்பு என்றார்கள். திரையில் நடக்கும் விஷயங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது எப்படிக் காட்டுவது என்பதைச் சேர்ந்தது. அது தோற்றத்தோடு இருக்கட்டும். ஆனால் யாருக்கு எந்தத் தரவு போகலாம் என்ற முடிவு பிரவுசருக்கு இடம் மாறவில்லை, மாறவும் முடியாது. பிரவுசரை வந்தடைந்த தரவு எல்லாம் பயனரின் கைக்கு வந்துவிட்ட தரவுதான். காம்பொனென்ட் அதைத் திரையில் காட்டாமல் விட்டாலும், டெவலப்பர் கருவியைத் திறந்தால் முழு ஜேசானும் தெரியும். டெம்ப்ளேட் இருந்த காலத்தில், வியூ அளவுக்கு மீறி அனுப்பிய தரவு பக்கத்தில் எழுதப்படாதவரை சர்வரைத் தாண்டாது. இன்று அந்த இரண்டாவது காவல் இல்லை. எனவே ரியாக்ட் வந்த பிறகு வியூவின் பொறுப்பு குறைந்துவிட்டது என்பவர்கள் தலைகீழாகப் பார்க்கிறார்கள். ஏபிஐ என்று பெயர் மாறிய அதே வியூ, இன்று முன்னைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

கடைசி மறுப்பு எளிமையானது, அதனாலேயே அதிகம் கேட்கப்படுவது. லாரன்ஸில் நிரலாளரும் வடிவமைப்பாளரும் தனித்தனி ஆட்கள். என் சிறிய தளத்தில் நான் ஒருவன்தான் எல்லாம், எனக்கு எதற்கு எல்லைக்கோடு என்று கேட்கிறார்கள். ஆட்களைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. ஆனால் இங்கே பிரிக்கப்படுவது இரண்டு விதமான கேள்விகள். இவர் இதைப் பார்க்கலாமா, இந்த விலை சரியா, இந்தப் பதிவு இன்னும் செல்லுமா என்பவை ஒரு விதம். இவற்றில் தவறினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் வரும். தேதியை எந்த வடிவில் காட்டுவது, படத்தை இடமா வலமா வைப்பது என்பவை இன்னொரு விதம். இவற்றில் தவறினால் பக்கம் அசிங்கமாக இருக்கும், நாளை சரிசெய்துகொள்ளலாம். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போது அவர் மனநிலை மாறுகிறது. பக்கத்தின் அழகைச் சரிசெய்யும்போது கை தாராளமாக ஓடும், ஓடவும் வேண்டும். அந்தத் தாராளமான கை விலையையும் அனுமதியையும் தொட முடியாத இடத்தில் இருப்பது நல்லது. தனியாக வேலை செய்பவருக்குத் தன் நிரலைப் படித்துத் தவறு சொல்ல இன்னோர் ஆள் கிடையாது. அவருக்குத்தான் இந்தப் பிரிவினை எல்லோரையும்விட அதிகம் தேவைப்படுகிறது.

ஜாங்கோவைக் கற்றுத்தருபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டெம்ப்ளேட்டில் ‘ஹலோ வேர்ல்டு’ காட்டுவதோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். ரிக்வெஸ்ட்டை வாங்கி, டெம்ப்ளேட்டே இல்லாமல், வெறும் உரையை ரெஸ்பான்ஸாகத் திருப்பும் வியூவை முதலில் எழுத வையுங்கள். அதற்குள் ஓர் அனுமதிச் சோதனையை வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு டெம்ப்ளேட்டைக் கொண்டுவாருங்கள். கற்பவர்களுக்கும் ஒரு சொல். டெம்ப்ளேட்டில் ஓர் இஃப் எழுதக் கை போகும்போதெல்லாம் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நிபந்தனை தப்பாகிப்போனால் பக்கம் கெடுமா, ஒரு மனிதருக்குக் கெடுதல் வருமா? பக்கம்தான் கெடும் என்றால் அங்கேயே எழுதுங்கள். மனிதருக்குக் கெடுதல் என்றால் டெம்ப்ளேட்டை மூடிவிட்டு வியூவைத் திறங்கள்.